கார்வையில் தெரியும் கை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், என்னோடு பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாசிக்கும் டிரம்ஸ் நண்பரின் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஏதாவது ஓர் இசைப்பதிவின் நடுவிலிருந்து நான்கைந்து நொடிகளை மட்டும் அவர் ஒலிக்கவிடுவார். அதில் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிடாரை வாசிப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டும். ஜாக்கோ பாஸ்டோரியஸை இரண்டாவது சுரத்திலேயே சொல்லிவிட்டேன். ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு ஒரு தாளவட்டம் தேவைப்பட்டது. மார்கஸ் மில்லரின் கட்டைவிரல் கம்பியில் விழுந்த ஓசையைக் கேட்டதும் நான் வாய் திறப்பதற்குள் நண்பரே பெயரைச் சொல்லிவிட்டார். அதன்பின் இன்றைய இளம் வாசிப்பாளர்கள் மூவரின் பதிவுகள் அடுத்தடுத்து வந்தன. மூவருமே நான் மாதக்கணக்கில் வியந்து கேட்டவர்கள். மூவரின் விரல் வேகத்தையும் எட்டிப்பிடிக்க முயன்று முடியாமல் விட்டிருக்கிறேன். ஆனால் மூவரின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன், ஒன்றுகூடச் சரியாக இல்லை.

அன்று இரவு வீடு திரும்பிய வழியெல்லாம் அந்தத் தோல்வியே மனத்தில் ஓடியது. பேஸ் கிடார் மேதைகளைப் பற்றிப் பேசும்போது, ஒருவரால் என்னென்ன வாசிக்க முடியும் என்பதையும், அவர் வாசித்தால் அவர்தான் என்று தெரிகிறதா என்பதையும் நாம் ஒரே தராசில் வைத்துவிடுகிறோம். முன்னதை உத்தி என்றும் பின்னதைப் பாணி என்றும் சொல்லலாம். இவை இரண்டும் எங்கே பிரிகின்றன என்று நெடுநாளாகத் தேடியதில் எனக்குப் பிடிபட்ட இடம் கார்வை. ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த இடத்தில் அறுபடுகிறது, தாளத்தின் தட்டுக்கு மயிரிழை முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்பதில்தான் பேஸ் வாசிப்பவரின் கை தெரிகிறது. அவர் எந்தச் சுரங்களை வாசித்தார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு யாரும் பயிலலாம். அந்தச் சுரங்களுக்கு நடுவே அவர் விட்ட நேரத்தை உள்ளபடி எழுதிக் காட்ட எந்தக் குறியீடும் போதாது.

உத்தியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. வேகமாக வாசிப்பவருக்கு உணர்ச்சி கிடையாது என்று சொல்வது பெரும்பாலும் பயிற்சி செய்ய மனமில்லாதவர்களின் பேச்சு. பேஸ் கிடாரில் வேகம் எவ்வளவு கடினமானது என்பதைக் கருவியே சொல்லும். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அமைந்த 34 அங்குலக் கம்பி நீளமே இன்றும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அளவு. நான்கு கம்பிகளில் தடித்தது, அழுத்தாமல் சுண்டினால், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு எட்டுச் சுரமாகிறது. அதாவது அந்தத் தடித்த கம்பியில் ஒவ்வொரு சுரமும் ஐந்து முறை அதிர்வதற்குள் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. அந்த ஐந்து அதிர்வுக்குள் சுரம் இன்னதென்று காதுக்குத் தெளிய வேண்டுமென்றால், விரல் கம்பியில் படும் ஓசை கூர்மையாக இருக்க வேண்டும், முந்தைய சுரம் முழுதாக அடங்கியிருக்க வேண்டும், வாசிக்காத மூன்று கம்பிகளும் சும்மா இருக்க வேண்டும். கம்பிகளை ஒலிக்கச் செய்வதைவிட ஒலிக்காமல் வைத்திருப்பதற்கே இரண்டு கைகளுக்கும் வேலை அதிகம். இதைப் பழகியவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இது கற்பிக்கக் கூடியது, சீராகத் தட்டு எண்ணும் மெட்ரோனோம் கருவியை வைத்து அளக்கக் கூடியது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சேதாரமில்லாமல் போய்ச் சேரக் கூடியது. என் சோதனையில் அந்த மூவரையும் பிரித்தறிய முடியாமல் போனதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜேமர்சனிலிருந்து தொடங்குகிறேன். வலக்கை உத்தி என்று பார்த்தால் இன்றைய இசைப்பள்ளி ஒன்றின் முதலாண்டுத் தேர்விலேயே அவரைத் திருத்த முயல்வார்கள், ஏனென்றால் அவர் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டுமே கொண்டு வாசித்தார். அந்த விரலுக்குக் கொக்கி என்றே பட்டப்பெயர் இருந்தது. 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து, 1954இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே பள்ளியில் அவர் கற்றது, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பேஸ். அந்தக் கருவியின் கம்பியைச் சுண்டுவதற்கு விரலின் முழு எடையும் வேண்டும், அதற்கு ஒற்றை விரலே இயல்பு. 1960களின் தொடக்கத்தில் எலக்ட்ரிக் பேஸுக்கு மாறியபோது அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார். மற்ற விரல்கள், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பின் மேலிருந்த குரோம் மூடியில் ஊன்றியிருக்க, ஆட்காட்டி விரல் மட்டும் வேலை செய்யும்.

இதைப் படித்துவிட்டு, மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டுப் பாடலான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பேஸ் பகுதியை ஒற்றை விரலால் வாசித்துப் பார்த்தேன். இரண்டு விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, என்னதான் பழகினாலும் ஒரு சுரம் கனமாகவும் அடுத்தது சற்று இலேசாகவும் விழுந்துவிடும். நடைப்பயிற்சியில் இடக்கால் வலக்கால் போல. ஒற்றை விரலில் அந்த ஏற்றத்தாழ்வு தானாக வருவதில்லை, நாம் வைத்தால்தான் உண்டு. மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு இறங்கும்போது விரலை எடுக்கவே வேண்டியதில்லை: சுண்டிய விரல் அடுத்த கம்பியின் மேல் போய்ச் சாய்கிறது, அங்கிருந்தே அதைச் சுண்டலாம். ஜேமர்சனின் வரிகளில் சுரங்கள் கீழ்நோக்கிச் சரிந்து வருகின்ற இடங்கள் எல்லாம் ஏன் அவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன என்பது இருபது ஆண்டுகள் கேட்டும் விளங்காமல், அன்றைக்குக் கையில் விளங்கியது. மேலேறும்போது விரலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூக்கலுக்கான நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது, அவருடைய வரிகள் மூச்சு விடுவது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் கருவியும் அந்த இடைவெளிக்கு ஒத்துழைத்தது. 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். அதில் ஃப்ளாட்வௌண்ட் எனப்படும் வழுவழுப்பான தடித்த கம்பிகள். கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் கம்பிகளை அடக்கும் நுரைப்பஞ்சு. கம்பி அறுந்தாலொழிய அவர் அதை மாற்றுவதில்லை. பழைய கம்பியும் பஞ்சும் சேர்ந்து மேல் அதிர்வுகளை விழுங்கிவிடுவதால், ஒரு சுரம் எழுந்த வேகத்திலேயே மத்தளத்தின் தொப்பிப் பக்கம் போல உருண்டையாக ஒலித்து அடங்கிவிடுகிறது. நீட்டி ஒலிக்க முடியாத கருவியில் கார்வை என்பது விரல் சொல்வது மட்டுமாகிறது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ 1964இன் இறுதியில் வந்த பாடல். அதன் தொடக்கத்தில் வேறு எந்தக் கருவியும் இல்லாமல் நிற்கும் சில தாழ்ந்த சுரங்களை வாசிக்க எந்தத் திறமையும் வேண்டாம், பத்து நிமிடத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் அவர் எந்த இடத்தில் சுரத்தை விட்டுவிட்டு மௌனத்தை உள்ளே விடுகிறாரோ அந்த இடம் எனக்கு இன்றுவரை கைகூடவில்லை.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பதிவின்போது அவர் உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்ததாகவும், தரையில் படுத்துக்கொண்டே வாசித்து முடித்ததாகவும் ஒரு கதை பேஸ் வாசிப்பவர்களிடையே மிகவும் பிரபலம். கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கைத்திறனுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது துயரம்தான் வருகிறது. அந்த இசைத்தட்டுக்கு முன்புவரை, அவரும் அவரைச் சேர்ந்த கலைஞர்களும் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த எண்ணற்ற வெற்றிப் பாடல்களின் உறைகளில் அவர்கள் பெயர்கள் அச்சாகவில்லை. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம் மாறியது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். பளிச்சென்ற ஓசையை எல்லோரும் கேட்கத் தொடங்கிய காலத்தில் அவருடைய பழைய கம்பிக்கு அங்கே வேலை குறைந்தது. 1983 ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். பாணி என்பது ஒருவருக்கு எப்போதும் வாழ்வளிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதை மாற்றிக்கொள்ள முடியாதவருக்கு அதுவே கதவைச் சாத்தியும் விடுகிறது.

உத்தியும் பாணியும் எதிரெதிர் அல்ல என்பதற்கு லாரி கிரஹாமைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அவர் தம் தாயாரோடு சேர்ந்து விடுதிகளில் வாசித்துவந்தார்: தாயார் பியானோ, மகன் கிடார். விடுதியிலிருந்த ஆர்கனின் மிதிகட்டைகளைக் காலால் அழுத்திப் பேஸ் பகுதியையும் அவரே ஒலித்துவந்தார். ஆர்கன் பழுதானதும் தற்காலிகமாக ஒரு பேஸ் கிடாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லாமல் போனார். காலால் அடிக்கும் கிக் டிரம் ஒலிக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் தடித்த கம்பியை அறைந்தார். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் ஒலிக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பியை விரலால் இழுத்துச் சுண்டினார். ஒரு குடும்பக் குழுவின் இல்லாமையை ஈடுகட்ட வந்த கைமருந்து அது. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அவர் அதே கையோடு வாசித்த பின், ஸ்லாப் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. கிரஹாமுக்கு அது பாணி. அவருக்குப் பின்வந்தவர்களுக்குப் பாடம். ஒரே செயல், கை மாறியதும் தன்மை மாறிவிட்டது. மார்கஸ் மில்லர் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் பிறகு வருகின்ற மௌனத்தை இன்னும் சுருக்கமாக, இன்னும் வறட்சியாக ஆக்கி மறுபடியும் அதைத் தம் பாணியாக்கிக்கொண்டார். 1986இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்காக அவர் பெரும்பகுதியை எழுதி, பல கருவிகளைத் தாமே வாசித்த ‘டூட்டூ’ இசைத்தட்டில் அந்தக் கையைக் கேட்கலாம்.

இனி ஜாக்கோ. உத்தி, பாணி இரண்டிலும் ஒருசேர உச்சத்தைத் தொட்டவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் இவரைச் சொல்வேன். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் முதல் பதிவே, சார்லி பார்க்கரின் பெயரில் வழங்கும் ‘டோனா லீ’ என்னும் பீபாப் மெட்டு; பீபாப் என்பது ஜாஸின் வேகமான ஒரு வகை. சாக்ஸஃபோனுக்கே மூச்சு முட்டும் அந்த மெட்டைப் பேஸ் கிடாரில், டான் அலியாஸின் காங்கா முழவு ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். அதே இசைத்தட்டில் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’: ஏறக்குறைய முழுவதும் ஹார்மானிக்ஸ், அதாவது கம்பியை அழுத்தாமல் குறிப்பிட்ட புள்ளிகளில் தொட்டு மட்டும் எழுப்பும் மணியோசைகள். அதில் ஓரிடத்தில், இடக்கை ஆட்காட்டி விரல் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்திருக்க, சுண்டுவிரல், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் நான்கின் தொலைவுக்கு நீண்டு அதே கம்பியைத் தொட வேண்டும். கழுத்தின் தொடக்கத்தில், ஃப்ரெட்டுகள் அகலமாக இருக்கும் பகுதியில் இதைச் செய்து பார்த்தால் மணிக்கட்டு வலிக்கும். நான் அதை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பயில்வதில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் இரண்டாவது சுரத்தில் எனக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது இவை எதுவுமில்லை. அன்று ஒலித்தது, அவர் பாடகி ஜோனி மிட்செலின் ‘ஹெஜிரா’ இசைத்தட்டில் வாசித்த மெதுவான ஒரு பகுதி. அதுவும் 1976. அவருடைய கருவி 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். நம் வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களே, அந்த ஃப்ரெட்டுகள் நீக்கப்பட்டு, விரற்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பூசப்பட்டது. வீணை வயலினாக மாறியது போன்றது அது. அதன்மேல் ரவுண்ட்வௌண்ட் எனப்படும் சொரசொரப்பான கம்பிகள், பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப், வலக்கையும் அதே இடத்தில். பிரிட்ஜை ஒட்டிச் சுண்டும்போது மேல் அதிர்வுகள் மிகுந்து, சுரம் மூக்கால் பாடுவதுபோல எழுகிறது. கடினமான எபாக்ஸிப் பரப்பில் அந்தச் சுரம் சாகாமல் நீள்கிறது. நீளும் சுரத்தை அவர் நேராகப் பிடித்து நிறுத்துவதில்லை. வந்து சேர்ந்தபின் சற்றுப் பொறுத்து, மெல்ல அசைக்கத் தொடங்குவார். அந்தப் பொறுத்தலில்தான் அவர் இருக்கிறார். கமகம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது உடனே பிடிபடும் என்பது என் அனுபவம்: அசைவு எவ்வளவு என்பதைவிட அசைவு எப்போது தொடங்குகிறது என்பது முக்கியம்.

வேகமான வரிகளில் வேறொரு ஜாக்கோ தெரிகிறார். சிறுவயதில் அவர் டிரம்ஸ் வாசித்தவர். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மணிக்கட்டு முறிந்த பிறகே பேஸுக்கு வந்தார். வெதர் ரிப்போர்ட் குழுவின் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள ‘டீன் டவுன்’ அவர் இயற்றியது. அதில் பேஸோடு டிரம்ஸையும் அவரே வாசித்திருக்கிறார். அதைக் கவனித்துக் கேட்டால், சுரமாக ஒலிக்காமல் வெறும் தட்டலாக விழும் ஓசைகள் வரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருப்பது தெரியும். சுரங்களை அவை நெய்து பிடித்திருக்கின்றன. பேஸின் வரியை எழுதி வைத்துப் பயில்கிறவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தத் தட்டல்களைத்தான், ஏனென்றால் எழுதும்போது அவை முக்கியமில்லாதவை போலத் தோன்றும். அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது வேகம் மட்டுமே.

ஜாக்கோவுக்குப் பின் வந்த பத்து ஆண்டுகளில் ஃப்ரெட் இல்லாத பேஸ் வாசித்த எத்தனையோ பேர் அவருடைய நிழலிலிருந்து வெளியே வர முடியாமல் போனார்கள். அந்த ஓசைக்கான பொருள்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன; ஃபெண்டர் நிறுவனமே அவர் பெயரில் ஒரு மாதிரியைச் செய்து விற்றது. 1987 செப்டம்பரில், தாக்கப்பட்டுப் படுகாயமுற்று, ஃபோர்ட் லாடர்டேலில் அவர் இறந்தபோது வயது 35. அந்த வயதுக்குள் ஒரு கருவியின் குரலையே மாற்றிவிட்டுப் போனவரை யாரோடும் வைத்து எண்ணிக்கை போட்டுப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த நிழலிலிருந்து வெளியே வந்தவர்களில் பினோ பல்லடினோவை நான் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கருத்துக்கு மிகப் பெரிய சிக்கலைத் தருபவர் அவர். வேல்ஸின் கார்டிஃப் நகரத்துக்காரர். 1983இல் பால் யங் பாடிய ‘வேரெவர் ஐ லே மை ஹேட்’ பாடலின் தொடக்கத்தில், ஃப்ரெட் இல்லாத மியூசிக் மேன் பேஸில் அவர் வாசிக்கும் மெட்டு பாடகரின் குரலுக்கு இணையாக நிற்கிறது. நீண்ட சறுக்கல்கள், பாடுகின்ற கார்வைகள். 1980களில் இங்கிலாந்தின் பாதிப் பாடகர்கள் அந்தக் கையைத் தேடி வந்தார்கள். பிறகு 2000இல் பாடகர் டி'ஆஞ்சலோவின் ‘வூடூ’ இசைத்தட்டில் அதே மனிதர் முற்றிலும் வேறொருவராக வருகிறார்: ஃப்ரெட் உள்ள பிரிசிஷன் பேஸ், ஜேமர்சனின் வழியில் மழுங்கிய ஓசை, ஒவ்வொரு சுரமும் டிரம்ஸின் தட்டுக்குப் பின்னால், விழுந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குத் தாமதமாக. அந்தத் தாமதத்தை நான் கணினியில் அலைவடிவமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கே தெரிகிறது. ஒரு சுரம் மட்டும் தாமதித்தால் பிழை. எல்லாச் சுரங்களும் ஒரே அளவு தாமதித்தால் அது ஒரு நடை.

அதோடும் முடியவில்லை. 2002 ஜூன் 27ஆம் நாள், தி ஹூ என்னும் ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகஸில் இறந்துபோனார். கம்பிகள் அதிர அதிர, கிடாரையே மூழ்கடிக்கும் உரத்த வாசிப்பு அவருடையது. சுற்றுப்பயணம் ஜூலை 1ஆம் நாள் தொடங்கியபோது அவர் இடத்தில் நின்றவர் பல்லடினோ. மூன்று வெவ்வேறு உலகங்களில் வாசிக்க முடிந்த ஒருவருக்குப் பாணி உண்டா, அல்லது அவர் எல்லாப் பாணிகளையும் உத்தியாகக் கற்றுக்கொண்டவரா? நண்பரின் வீட்டில் 1983ஆம் ஆண்டு பல்லடினோவைச் சரியாகச் சொன்னேன். 2000ஆம் ஆண்டு பல்லடினோவைச் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டபோது ஒன்று புலப்பட்டது: இரண்டிலும் அவர் முதல் தட்டை நிரப்பிவிட்டு, பாடகர் வாய் திறக்கும் இடத்தில் விலகிவிடுகிறார். ஓசை மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது, அந்த விலகல் மட்டும் மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை அவருக்குப் பாணி உண்டு. அது கேட்கும் காதைவிடக் கூடப் பாடுகிறவருக்கு முதலில் தெரியக்கூடிய பாணி.

விக்டர் வூட்டனைப் பற்றி எழுதும்போது சற்றுக் கவனமாக இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் உத்திக்காரர் என்ற ஒற்றைச் சொல்லில் அவரை ஒதுக்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானும் அதைச் சொன்னவன். 1996இல் வந்த ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ இசைத்தட்டில் நான்கு கம்பி பேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவின்மேல் பதிவு சேர்க்காமல், தாளமும் மெட்டும் துணைச்சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்க வாசித்திருக்கிறார். அவருடைய கட்டைவிரல் கம்பியை அறைந்துவிட்டு மேலே எழும்புவதில்லை. கம்பியைக் கடந்து கீழே போய், திரும்பி வரும்போது இன்னொரு முறை சுண்டுகிறது. கிரஹாமின் கட்டைவிரல் ஒரு சுரம் தந்த இடத்தில் வூட்டனின் கட்டைவிரல் இரண்டு தருகிறது. இதை மெதுவாகப் பழகினால் ஆறு மாதத்தில் யாருக்கும் வந்துவிடும், எனக்கும் ஓரளவு வந்தது. வந்தபிறகுதான் என் அறியாமை விளங்கியது: என் கையில் அது பொழிகிற ஓசையாக இருந்தது, அவர் கையில் பேச்சாக இருக்கிறது.

காரணம் தேடிப் பார்த்தால், ஐந்து சகோதரர்களில் அவர் கடைசி. மற்ற நால்வரும் இசைக்கலைஞர்கள். குழுவுக்கு ஒரு பேஸ் வாசிப்பவர் தேவைப்பட்டதால், பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே அவர் கையில் அது கொடுக்கப்பட்டது. தாய்மொழியைப் போல வந்த கருவி. இசையின் பத்துக் கூறுகள் என்று அவர் கற்பிக்கும் பட்டியலில் சுரங்களும் உத்தியும் இரண்டே இடங்களைத்தான் பிடிக்கின்றன; மௌனத்துக்கு என்று ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறார். பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்கின் குழுவில் தம் அண்ணனின் தாளத்தோடு அவர் வாசிக்கும் எளிய பகுதிகளைக் கேளுங்கள், தனியாவர்த்தனங்களை அல்ல. துள்ளலும் சிரிப்புமாகச் சுரத்தை உடனே அறுத்துவிடும் ஒரு கை அங்கே இருக்கிறது. அந்தக் கையை எனக்குத் தெரியும் என்று இப்போது சொல்ல முடிகிறது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவருடைய இசைத்தட்டு ஒன்றை எடுத்துத் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்பதைவிட, ஜேமர்சன் யாருக்கோ பின்னால் வாசித்த மூன்று நிமிடப் பாடலுக்கே என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

இளம் வாசிப்பாளர்களைப் பற்றி என் சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஜாக்கோவை நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன். அவர்களை மூன்று ஆண்டுகளாக. தவிர, அவர்களில் பலரை நான் கேட்டது ஒரு நிமிடக் காணொளிகளில். பாடகருக்கு வழிவிட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் கார்வைக்கு என்ன வேலை இருக்கும்? மும்பையைச் சேர்ந்த மோஹினி தே இதற்கு நல்ல மறுமொழியாக இருக்கிறார். ஏ.ஆர். ரஹ்மானின் மேடைகளில் பதின்வயதிலிருந்தே வாசித்தவர் என்பதால் நம்மில் பலர் அவரைக் கேட்டிருப்போம். அவர் வேகத்தை மட்டும் பேசுகிறவர்கள், கொன்னக்கோல் சொற்கட்டுகளை அவர் வாயால் சொல்லிக்கொண்டே விரலால் வாசிப்பதைக் கவனிக்க வேண்டும். சொற்கட்டில் ஒவ்வோர் அசைக்கும் அளவு உண்டு, ‘தாம்’ என்பதற்கும் ‘த’ என்பதற்கும் நீளம் வேறு. அந்த நீள வேறுபாடு அப்படியே அவருடைய கம்பியில் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவரைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை மறுபடியும் நண்பர் வீட்டில் கூடினோம். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாடலின் முதல் எட்டுத் தாளவட்டங்களை மட்டும், பிரிட்ஜுக்கு அடியில் ஒரு பஞ்சுத்துண்டைச் செருகிக்கொண்டு, ஆட்காட்டி விரலால் வாசித்தேன். சுரங்கள் எல்லாம் சரியாகவே விழுந்தன. மூன்றாம் முறை வாசிக்கும்போது அவர் குச்சிகளை ஸ்னேரின் மேல் வைத்துவிட்டார்.

“அண்ணே, அந்த மூணாவது சுரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுருங்க. நீங்க விடவே மாட்டேங்கறீங்க, என் ஸ்னேர் வந்து அதுமேல விழுது” என்றார்.

பதிவு செய்து வைத்திருந்ததைத் திரும்பக் கேட்டோம். அவர் சொன்னது சரிதான். ஸ்னேர் அடிக்கும் நொடியில் என் சுரம் இன்னும் அடங்காமல் அதன் அடியில் கிடந்தது. இடக்கை விரலை ஃப்ரெட்டிலிருந்து முழுவதும் எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்திப் பார்த்தேன். ஒரு முறை முன்கூட்டியே அறுந்தது, அடுத்த முறை பழையபடி நீண்டது. அவர் குச்சிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் நான்கு எண்ணத் தொடங்கினார்.